பெங்களூரு மொட்டைமாடியில் பரங்கியும் சுக்கினியும்: பிஞ்சு உதிராமல் காய் எடுக்க

பரங்கி விதை எங்கே விழுந்தாலும் முளைக்கும். காய்கறிக் கழிவு கொட்டிய மூலையில்கூடத் தானாக முளைத்து, பத்தடி ஓடி, கொடி முழுக்கப் பூத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். எலுமிச்சை அளவுக்கு வந்த பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி, சுருங்கி, கையில் தொட்டதும் விழும். உடனே உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு கை உரத்தை அள்ளிப் போடுவார்கள். உரக்குறையால் பிஞ்சு விழுவது அபூர்வம். மாடித்தோட்டத்தில் முதல் காரணம் மகரந்தம் சரியாகச் சேராதது. அடுத்தது பழ ஈ. அதற்கும் அடுத்தது, இவ்வளவு பெரிய கொடிக்குப் பத்தாத சின்ன வளர்ப்புப் பை. இந்த மூன்றையும் கவனித்துக்கொண்டால் பெங்களூருவில் இந்தப் பயிர் அருமையாக வரும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் என்பதால் கோடையிலும் இரவு ஓரளவு குளிர்ந்துவிடுகிறது. சமவெளி வெயிலில் தடுமாறும் சுக்கினிகூட இங்கே நன்றாகக் காய்க்கும்.

எந்த ரகம், எந்த மாதம்

மாடிக்குப் பெரிய காய் ரகம் வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 பரங்கி ஒரு காயே 7, 8 கிலோ வரும். வயலுக்கு நல்ல ரகம், பைக்கு ஆகாது. அதே பல்கலைக்கழகத்தின் கோ 2 ஒன்றரை முதல் 2 கிலோ. ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சூர்யமுகி ஏறக்குறைய ஒரு கிலோ காய். ஆரஞ்சுத் தோலில் வெளிர் வரிகளோடு இருக்கும். பழ ஈயை ஓரளவு தாங்கும் ரகம் என்பதால் மாடிக்கு முதல் தேர்வாக இதைத்தான் சொல்லுவோம். அதே நிறுவனத்தின் அர்கா சந்தன் 2 முதல் 3 கிலோ வரும், நல்ல மணமும் இனிப்பும் உள்ள சதை. ஆனால் 120 நாளுக்கு மேல் பொறுமை வேண்டும்.

விதைக்கு ஹெசரகட்டா விற்பனை மையம், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சி, லால்பாக் பக்கத்தில் சித்தாபுரா நர்சரிகள் என்று வழிகள் உண்டு. கடையில் கேட்கும்போது பரங்கிக்குக் கன்னடப் பெயரான 'சிஹி கும்பளகாயி' என்று முழுசாகச் சொல்லுங்கள். வெறும் கும்பளகாயி என்றால் வெள்ளைப் பூசணி விதை கைக்கு வந்துவிடலாம்.

சுக்கினி கொடியாக ஓடாது. ஒரே இடத்தில் குத்தாக நின்று, மூன்றடி அகலத்துக்கு இலை விரிக்கும். இடம் குறைவாக உள்ளவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். விதைத்த 45 முதல் 55 நாளில் காய் பறிக்க வந்துவிடும்.

இனி மாதம். பரங்கிக்கு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய விதைப்பது சிறந்தது. டிசம்பர், ஜனவரித் தொடக்கத்தில் இரவு 15 டிகிரியை ஒட்டி இறங்குகிற நாட்களில் விதை மண்ணுக்குள் சோம்பிக் கிடக்கும், பாதி அழுகும். பிப்ரவரி விதைப்பு நல்ல வெயிலில் ஓடி, மார்ச் கடைசியில் பூத்து, மே மாதத்தில் முற்றிய காயைத் தரும். இடையில் ஏப்ரல், மே மாதத்து இடிமழையும் ஆலங்கட்டியும் வரும். அகலமான பரங்கி இலையை ஆலங்கட்டி கிழித்துப்போடும். அதனால் வானம் கருக்கும் மாலைகளில் கொடிமேல் விரிக்க ஒரு நிழல்வலை தயாராக இருக்கட்டும்.

ஜூனிலும் விதைக்கலாம். தண்ணீர்ச் செலவு மிச்சம். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மூட்டத்தில் தேனீ வராது, மகரந்தம் நனையும், இலையில் நோய் ஏறும். முதன்முறை வளர்ப்பவர்கள் இந்தப் பருவத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது. சுக்கினிக்கு அக்டோபர் கடைசி, நவம்பர் விதைப்பு மிகவும் பொருந்தும். மழை ஓய்ந்து, வெயில் இதமாகி, காய் திரண்டு வரும்.

பிப்ரவரி விதைப்பில் தண்ணீரை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. முழுதாக ஓடிய ஒரு பரங்கிக் கொடி ஏப்ரலில் நாளுக்கு 6 முதல் 8 லிட்டர் குடிக்கும். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு டிரம்மில் சேர்த்து அன்றன்றைக்கே ஊற்றினால் பாதிக்கு மேல் ஈடுகட்டலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. கருவி கழிக்கும் தண்ணீரும் வேண்டாம். அதில் உப்பு திரண்டிருக்கும், பைக்குள் அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

பையும் மண்ணும்

பரங்கிக்கு 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் உள்ள குரோபேக்தான் குறைந்தபட்ச அளவு. அதில் சுமார் 75 லிட்டர் மண் பிடிக்கும். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் விரல் அகலத் துளை ஏழெட்டுப் போட்டால் இன்னும் நல்லது. சுக்கினிக்கு 15 அங்குலப் பை போதும். ஒரு பைக்கு ஒரு செடி. இரண்டு நாற்றும் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் இரண்டும் இளைத்து நிற்கும், ஒரு காய்கூட உருப்படியாக வராது. நனைந்த 75 லிட்டர்ப் பை 80 கிலோ அளவுக்கு எடை ஏறும். அதனால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடுகிற ஓரமாகப் பார்த்து வையுங்கள். பைக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் துளை அடைக்காது, தளத்திலும் ஈரம் தங்காது.

வெயில் குறைந்தது 6 மணி நேரம் நேராக விழவேண்டும். கைப்பிடிச் சுவரின் நிழல் காலையிலும் மாலையிலும் எவ்வளவு தூரம் விழுகிறது என்று ஒருநாள் பார்த்துவிட்டுப் பையை வையுங்கள். நிரப்பிய பிறகு அதை நகர்த்த முடியாது. மூன்று, நான்கு மணி நேர வெயில்தான் கிடைக்கும் பால்கனியில் பரங்கி வைத்தால் இலைதான் மிஞ்சும். அங்கே கீரை வளர்ப்பதே மேல்.

மண்கலவைக்கு செம்மண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ 2 பங்கு, ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு. பெங்களூரு செம்மண் தனியாக இருந்தால் இரண்டு மழைக்குப் பிறகு இறுகிவிடும், தண்ணீர் மேலேயே நின்று பக்கவாட்டில் வழியும். நார்க்கழிவு அதைத் தளர்த்தி வைக்கும். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு நாற்றின் இலை ஓரத்தைக் கருக்கும். குறைந்தது இரண்டு தண்ணீர் ஊற்றிப் பிழிந்துவிடுங்கள். எம்-சாண்ட் கலக்கச் சொல்லுவார்கள், வேண்டாம். அதிலுள்ள கல்தூள் இறங்கி அடியில் களியாகப் படியும். ஒரு பைக்கு வேப்பம்புண்ணாக்கு 200 கிராம், எலும்புத்தூள் 100 கிராம் சேர்த்துக் கலந்து, தண்ணீர் தெளித்துப் பத்து நாள் ஆறவிட வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் விதை போட்டால் முளை வெந்துவிடும்.

விதையிலிருந்து கொடி வரை

விதையை இரவு முழுக்க, அதிகம் போனால் 8 மணி நேரம், தண்ணீரில் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரில் நோயைத் தடுக்கும் நுண்ணுயிரான சூடோமோனாஸ் தூளை அரை ஸ்பூன் கரைத்துக்கொண்டால் நாற்றழுகல் குறையும். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் விதை மூச்சுமுட்டிக் கெடும். விதையைப் படுக்கைவாட்டில் 2 சென்டிமீட்டர் ஆழத்தில், பைக்கு மூன்று விதையாக நேரடியாகவே ஊன்றுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு வேர் அசைவது பிடிக்காது. நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் பத்து நாள் பின்னுக்குப் போகும். எலித் தொல்லை உள்ள மாடியில், விதையையே தோண்டித் தின்றுவிடும் என்பதால், காகிதக் கப்பில் முளைக்கவைத்து, இரண்டு நிஜ இலை வந்ததும் கப்போடு புதைத்துவிடலாம். கப்பின் அடியை மட்டும் கிழித்துவிடுங்கள். நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். இரண்டாவது வாரத்தில் மூன்றில் கொழுத்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் மிச்ச நாற்றின் வேரும் சேர்ந்து ஆடும்.

இந்த வயதில் வரும் எதிரி ஆரஞ்சுச் சிவப்பில் பளபளக்கும் சின்ன வண்டு. முளைத்ததும் முதலில் விரியும் வித்திலையை வட்டவட்டமாகக் கடித்து ஓட்டை போடும். இரண்டு வித்திலையும் போனால் நாற்று தேறாது. நான்கைந்து இலை வரும்வரை நைலான் கொசுவலையைப் பைமேல் கூடாரமாகக் கட்டிவிடுவதுதான் உறுதியான வழி. வலை இல்லாவிட்டால் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். குளிரில் வண்டு மந்தமாக இருக்கும், விரலால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். ஒன்பது மணிக்குப் போனால் கைநிழல் பட்டதும் பறந்துவிடும். பெரிய கொடியில் இந்த வண்டைப் பார்த்துப் பதற வேண்டாம், கொடி தாங்கும்.

தண்ணீரைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், பையின் அடியில் கசியும்வரை ஒரே ஊற்றாக, காலையில், வேர்ப்பக்கம் மட்டும் ஊற்றுங்கள். மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடுத்த ஊற்று. மதியம் இலை துவண்டு தொங்கினால் தண்ணீர்க்குறை என்று முடிவுகட்ட வேண்டாம். இவ்வளவு அகலமான இலை உச்சி வெயிலில் துவளுவது இயல்பு. மாலை ஆறு மணிக்கும் நிமிராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மண் ஈரமாக இருந்தும் நிமிராவிட்டால் வேரழுகல், துளை அடைத்திருக்கும். பையின் மேல் காய்ந்த இலைச்சருகை இரண்டு அங்குலம் பரப்பினால் ஈரம் காக்கும்.

பரங்கிக் கொடியில் எட்டு முதல் பத்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் கிளம்பும். பெண்பூ அதில்தான் கூடுதலாக வரும். கொடியைக் கைப்பிடிச் சுவரோரம் கட்டிய கம்பிவலையில் ஏற்றலாம், தளத்திலும் ஓடவிடலாம். தளத்தில் ஓடவிட்டால் சணல் சாக்கோ தென்னங்கீற்றோ கட்டாயம் விரிக்க வேண்டும், ஏப்ரல் மாதச் சிமெண்டுத் தளம் இளம் நுனியைப் பொசுக்கிவிடும். இன்னொன்றும் செய்து பாருங்கள். கொடி நாலைந்து அடி ஓடியதும், ஒரு கணுவுக்கு அடியில் இன்னொரு சின்ன மண்பையை வைத்து, அந்தக் கணுவை மண்ணில் அழுத்தி, மேலே ஒரு பிடி மண்ணைப் போடுங்கள். இரண்டு வாரத்தில் கணுவில் வேர்விட்டு அந்தப் பையிலிருந்தும் உணவு எடுக்கும். பை பத்தாத குறையைத் தீர்க்க இதைவிட எளிய வழி இல்லை, அப்படியிருந்தும் பலர் செய்வதில்லை.

உரத்தில் கை அடக்கம் வேண்டும். பதினைந்து நாளுக்கொரு முறை இரண்டு கை மண்புழு உரம், இடையிடையே இயற்கைக் கரைசல்களில் ஒன்று: ஜீவாமிர்தம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், அல்லது லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். மொட்டு தெரிந்ததும் தழைச்சத்து தருகிற எதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். யூரியாவோ பச்சைச் சாணக் கரைசலோ அந்த நேரத்தில் போனால் இலை குடைபோல விரியும், ஆண்பூ மட்டும் கொத்துக்கொத்தாக வரும். பூக்கும் நேரத்தில் வேண்டியது சாம்பல் சத்து. 0:0:50 என்று விற்கும் பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை வேரில் ஊற்றலாம். விறகுச் சாம்பல் போடுகிறவர்கள், போர்வெல் தண்ணீர் பாய்ச்சுகிற வீடாக இருந்தால் நிறுத்திக்கொள்வது நல்லது. கடினத் தண்ணீரும் சாம்பலும் சேர்ந்து மண்ணைக் காரமாக்கி, புது இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

பூவைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

விதைத்து 35 முதல் 45 நாளில் முதல் பூக்கள் வரும். அவை அத்தனையும் ஆண்பூ, உதிரத்தான் செய்யும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பெண்பூ தலைகாட்டும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஆண்பூக்களைப் பறித்து பஜ்ஜி போடலாம், நாளுக்கு இரண்டு மட்டும் தேனீக்கு வழிகாட்ட விட்டுவையுங்கள்.

ஆண்பூவுக்கு மெலிந்த நீளக் காம்பு, பூவுக்குள் ஒரே ஒரு தண்டு, அதன்மேல் மஞ்சள் பொடி. பெண்பூவுக்குக் காம்பு குட்டை, பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிக் காய் ஒட்டியிருக்கும். சுக்கினியில் அது சுண்டுவிரல் போல நீண்டிருக்கும். அந்தக் குட்டிக் காயைப் பார்த்ததும் காய் பிடித்துவிட்டது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அது காயல்ல, சூல்பை. மகரந்தம் சேர்ந்தால்தான் காயாகும், இல்லையென்றால் மூன்று முதல் ஐந்து நாளில் மஞ்சளாகி விழும்.

பரங்கி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது, காற்றில் பறக்காது. தேனீயோ வண்டோ உங்கள் கையோதான் கொண்டு சேர்க்க வேண்டும். ஐந்தாறு மாடிக்கு மேல் உள்ள வீடுகளில், சுற்றிலும் கொசுமருந்து அடிக்கிற குடியிருப்புகளில், தேனீயை நம்பி இருந்தால் காய் கிடைக்காது. பூ விடியும்போது திறந்து, வெயில் ஏறியதும், பெரும்பாலும் பத்து மணிக்குள், மூடிக்கொள்ளும். ஒருமுறை மூடிய பூ மறுபடி திறக்காது. ஆகையால் ஆறிலிருந்து எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

முந்தைய மாலையே கொடியைச் சுற்றிப் பாருங்கள். நாளைக்குத் திறக்கப்போகும் மொட்டு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறி, நுனி கூர்ந்து, முறுக்கு லேசாகத் தளர்ந்திருக்கும். பெண்மொட்டு எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழை முழுக்கக் கிழித்தெறிந்தால் நடுத்தண்டு மட்டும் கையில் நிற்கும். அதை விரல்நுனியில் தொட்டுப் பாருங்கள், மஞ்சள் பொடி ஒட்டினால் சரி. பெண்பூவுக்குள் நடுவில் தடித்த மூன்று மடல்கள் தெரியும். மூன்றின் மேலும் பொடி படும்படி மெதுவாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஒரு மடலில் மட்டும் பட்டால் காய் ஒருபக்கம் வீங்கி ஒருபக்கம் சூம்பும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ கிடைத்தால் இரண்டையும் பயன்படுத்துங்கள். முடித்ததும் பெண்பூவின் இதழ்களைக் கூட்டி நூலால் தளர்வாக ஒரு சுற்றுக் கட்டுங்கள். மழைத்துளி உள்ளே போகாது.

இரவு மழை வரும்போல இருந்தால், நாளைக்கு மலரவேண்டிய ஆண்மொட்டு இரண்டை முந்தைய மாலையே காம்போடு பறித்து, வீட்டுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திவையுங்கள். காலையில் உள்ளேயே மலர்ந்திருக்கும், பொடி நனையாமல் இருக்கும். பெண்மொட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்துவையுங்கள்.

சுக்கினியில் குளிர்ந்த வாரங்களில் தலைகீழாக நடக்கும். பெண்பூ முதலில் வந்து, ஆண்பூ இருக்காது. அதனால் சுக்கினியை எப்போதும் இரண்டு செடியாக, ஒரு வாரம் முன்பின்னாக விதையுங்கள். பரங்கிப் பொடியைச் சுக்கினிக்கு வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள், இனம் வேறு, நம்ப முடியாது.

சேர்க்கை பலித்தால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பளபளத்துத் திரளும், காம்பு தலைகுனியும். ஒரு பரங்கிக் கொடிக்கு இரண்டு, மூன்று காய் நின்றதும் அடுத்து வரும் பிஞ்சுகளைக் கொடி தானாகவே கைவிடும். அதற்கு மேல் சுமக்கப் பையில் சத்து இல்லை, எனவே வருத்தப்பட ஒன்றுமில்லை.

பழ ஈ

மகரந்தம் சேர்ந்து, காய் முட்டை அளவு வந்த பிறகும் அழுகினால் இவன்தான் காரணம். கொசுவைவிடப் பெரிய, பழுப்பு மஞ்சள் நிற ஈ, கண்ணாடி இறக்கையில் கரும்புள்ளி இருக்கும். இளம் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். குத்திய இடம் முதல்நாள் ஊசிமுனை அளவு ஈரப்புள்ளியாகத் தெரியும். மறுநாள் அங்கே தேன்நிறத்தில் பிசின் திரண்டு நிற்கும். அந்தப் பக்கம் வளர்ச்சி நின்று காய் கோணும். அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பிசின் தெரிந்த பிறகு எந்த மருந்தும் பலிக்காது, புழு காய்க்குள் பத்திரமாக இருக்கிறது. எனவே முன்பே தடுக்க வேண்டும்.

கைச்சேர்க்கை செய்த மறுநாளே பிஞ்சுக்கு உறை போடுங்கள். பரிசுப் பொருளுக்குக் கட்டித் தரும் மெல்லிய வலைப்பை மிகப் பொருத்தம், பழைய பருத்திப் புடவைத் துணியில் தைத்தாலும் சரி. காம்பைச் சுற்றிச் சுருக்கிக் கட்டும்போது இடைவெளி இருக்கக் கூடாது, நெரிக்கவும் கூடாது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். காய் வளர வளரப் பெரிய உறைக்கு மாற்றுங்கள். தோல் தடித்து நகம் இறங்காத அளவு ஆனதும் எடுத்துவிடலாம், ஈயால் குத்த முடியாது.

கூடவே ஒரு கவர்ச்சிப் பொறி தொங்கவிடுங்கள். கேட்டு வாங்கும்போது கவனம். மாம்பழ ஈக்கு விற்கிற மெத்தில் யூஜினால் பொறி பரங்கி ஈயைப் பிடிக்காது. கொடிக்காய்களுக்கு 'க்யூ லூர்' என்ற வில்லைதான் வேண்டும். ஒரு வீட்டு மாடிக்கு ஒரு பொறி போதும், கொடியிலிருந்து சில அடி தள்ளி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே. அதில் ஆண் ஈ மட்டும்தான் விழும். ஆகவே பொறி இருக்கிறதே என்று உறையைக் கைவிட முடியாது.

விழுந்த பிஞ்சையும் குத்துப்பட்ட காயையும் உரக்குழியில் போடவே கூடாது. புழு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாகக் கிளம்பும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு குப்பைக்குக் கொடுங்கள்.

இலையில் வரும் நோய்கள்

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். நரம்புச் சந்துகளில் வெள்ளி நிறத் திட்டு, எல்லா இலையிலும் ஒரே ஒழுங்கில், சிறு வயதிலிருந்தே இருந்தால் அது ரகத்தின் இயல்பு. விரலால் தேய்த்தால் போகாது. தேய்த்தால் மாவுபோல ஒட்டினால்தான் சாம்பல் நோய். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பகல் காய்ந்து இரவு குளிரும் நாட்களில் வரும். பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, வெயில் இருக்கும் காலையில், இலையின் இருபுறமும் வாரம் ஒருமுறை தெளித்தால் தொடக்கத்திலேயே கட்டுப்படும். பாதிக்கு மேல் வெளுத்த இலையை அறுத்துவிடுங்கள். நனையும் கந்தகத்தை இந்தக் குடும்பத்தில் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும், வெயில் கூடிய நாளில் இலையைக் கருக்கிவிடும்.

மழைக்காலத்தில் வருவது அடிச்சாம்பல் நோய். நரம்புகளுக்கு நடுவே மூலைவெட்டினாற்போல் மஞ்சள் கட்டங்கள், விடியற்காலையில் இலையடியில் ஊதா கலந்த சாம்பல் பூச்சு. இது வேகமாகப் பரவும். அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள், காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் தெளியுங்கள்.

வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு மில்லி திரவ சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் மட்டும், இலையின் அடிப்பக்கத்துக்கு, பூவில் படாமல். இந்தப் பூச்சிகள் கொண்டுவரும் தேமல் என்ற வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. புது இலை சுருங்கி, கரும்பச்சைக் கொப்புளமாகத் தெரிந்தால் அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். தயங்கினால் பக்கத்துப் பையும் போகும்.

சுக்கினிக் காயின் பூ ஒட்டியிருந்த நுனி கருத்து நீர்த்தாற்போல் ஆனால் அது பூச்சி வேலையல்ல. ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாகத் தண்ணீர் விட்டதன் விளைவு, சுண்ணாம்புச் சத்து நுனிவரை போய்ச் சேரவில்லை. தண்ணீரை ஒழுங்காக்கினாலே அடுத்த காய் சரியாகும். அமெரிக்க வீடியோக்களில் தண்டைக் கீறிப் புழு எடுக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு நம் தண்டையும் கீறிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்டுத்துளைப்பான் வட அமெரிக்கப் பூச்சி, இங்கே அந்த அறுவை தேவையில்லை.

பறிப்பது

சுக்கினியைப் பூத்த நான்கு முதல் ஆறு நாளில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், கத்தியால் அறுத்து எடுங்கள். இரண்டு நாள் விட்டால் விதை முற்றிப் பஞ்சாகும். அதைவிட முக்கியம், முற்றிய ஒரு காய் நின்றால் செடி புதுப் பூ வைப்பதை நிறுத்திவிடும்.

பரங்கியில் இரண்டு வழி. இளங்காயாகப் பொரியலுக்கு வேண்டுமானால் மூன்றாவது வாரத்தில் எடுக்கலாம். சாம்பாருக்கும் அல்வாவுக்கும் முற்றிய காய் வேண்டுமானால் பூச்சேர்க்கையிலிருந்து 40 முதல் 50 நாள். காம்பு காய்ந்து தக்கைபோல வரிவிட்டிருக்கும், பக்கத்துச் சுருள்கம்பி காய்ந்திருக்கும், நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழாது. கம்பிவலையில் தொங்கும் காய் ஒரு கிலோவைத் தாண்டினால் பழைய துப்பட்டாவில் தொட்டில் கட்டிவிடுங்கள். தளத்தில் கிடக்கும் காய்க்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. அறுக்கும்போது இரண்டு அங்குலக் காம்பு காயோடு இருக்கட்டும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். காற்றோட்டமான நிழலில் பத்து நாள் உலரவைத்தால் இரண்டு மூன்று மாதம் தாராளமாகத் தாங்கும்.

தானாக முளைத்த கொடியில் வந்த காயையும், விதை எங்கிருந்து வந்தது என்று தெரியாத காயையும் சமைப்பதற்கு முன் பச்சையாக ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

அடுத்த முறைக்கு விதை எடுப்பதானால், கைச்சேர்க்கை செய்து இதழைக் கட்டிவைத்த காயிலிருந்து மட்டும் எடுங்கள், அந்த ரகம் வீரிய ஒட்டுரகமாக (ஹைப்ரிட்) இருக்கவும் கூடாது. முற்றிய காயைப் பறித்த பிறகும் மூன்று வாரம் வைத்திருந்து அறுத்தால் விதை நன்றாகக் கொழுத்திருக்கும். கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பல் தூவி, காகித உறையில் போட்டு டப்பாவில் வையுங்கள். பையிலுள்ள மண்ணைக் கொட்டி வேரைப் பொறுக்கி, ஒரு வாரம் நல்ல வெயிலில் பரப்பிவிட்டு, பாதிக்குப் பாதி புது உரம் சேர்த்து, அதில் கீரையோ பீன்ஸோ போடுங்கள். பரங்கி, சுரை, பீர்க்கு, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் இவற்றில் எதையும் அடுத்த போகத்திலேயே அதே மண்ணில் போட வேண்டாம்.